குரங்கை அடித்த பையனும் அவன் வீடும்

மாமரத்தடி (சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா):
மாம்பழக் காலம் வந்தால் எங்கள் தெருவில் வெர்வெட் குரங்குகள்தான். போன ஞாயிறு பக்கத்து வீட்டுப் பையன், பத்து வயது, உண்டிவில்லால் ஒரு தாய்க்குரங்கை விழத் தட்டினான். வயிற்றைப் பிடித்தபடி குட்டி வேறு. விழுந்த பிறகும் விடாமல் கல்லால் அடித்தான். அவன் அப்பா வாசலில் நின்று பார்த்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறதோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

டோங்காட் பெரியவர்:
அம்மா, கரும்புத் தோட்டத்தில் வளர்ந்த நாங்கள் எல்லோரும் உண்டிவில்லோடு திரிந்தவர்கள்தான். மைனா, புறா, எதையும் விட்டதில்லை. யாரும் கொலைகாரர் ஆகவில்லை. இதற்காக ஒரு குடும்பத்தின் பெயரைக் கெடுக்காதீர்கள்.

மாமரத்தடி:
விரட்டுவது வேறு ஐயா, விழுந்ததை அடிப்பது வேறு. 1983-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், பிள்ளைகள் கொடுமைக்கு ஆளான 53 குடும்பங்களை ஆராய்ந்தார்கள். 60 விழுக்காடு வீடுகளில் வளர்ப்புப் பிராணியும் வதைபட்டிருந்தது. பிள்ளைக்கு அடி விழுந்த வீடுகளில் 88 விழுக்காடு.

பீனிக்ஸ்காரன்:
அக்கா, அந்த 53-ம் ஏற்கெனவே அதிகாரிகள் கண்ணில் பட்ட குடும்பங்கள். அதை வைத்து உங்கள் தெருப் பையனை அளக்க முடியாது. 1999-ல் மாசசூசெட்ஸ் ஆய்வில், விலங்கை வதைத்தவர்கள் வேறு குற்றங்களும் அதிகம் செய்திருந்தார்கள், சரி. ஆனால் முதலில் விலங்கு, பிறகு மனிதன் என்ற வரிசை அதில் தெரியவில்லை.

வகுப்பு டீச்சர்:
வரிசை கிடக்கட்டும் தம்பி. என் வகுப்பில் ஒருவன் பூனைக்குட்டியின் காலைக் கம்பியால் கட்டி இழுத்தான். நான் அவனைத் திட்டியதோடு சரி. மூன்று மாதம் கழித்துத்தான் அவன் தொடையில் பெல்ட் தழும்பைப் பார்த்தேன். அந்த மூன்று மாதம் இன்னும் என்னை உறுத்துகிறது. பெற்றோர் 'கண்டிப்பதற்காக அடித்தேன்' என்று சொல்லித் தப்ப முடியாது என்று நம் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் 2019-லேயே தீர்ப்பளித்துவிட்டது. ஆனாலும் பல வீடுகளில் பெல்ட் ஆணியில்தான் தொங்குகிறது.

டோங்காட் பெரியவர்:
என் அப்பாவும் பெல்ட் எடுத்தவர்தான். அவர் இறந்த பிறகும் நான் மைனா அடித்தேன், அதனால் எல்லாவற்றையும் வீட்டின் தலையில் போடாதீர்கள். ஒன்று மட்டும் கேளுங்கள். நீங்கள் புகார் கொடுத்து, விலங்குவதைத் தடுப்புச் சங்கமான எஸ்பிசிஏ-வின் வண்டி அந்த வாசலில் நின்றால், ராத்திரி அடி வாங்கப்போவது யார்?

மாமரத்தடி:
அதை நான் யோசிக்கவில்லை ஐயா. பையனின் பாட்டியைக் கோயிலில் பார்த்துப் பழக்கம். வெள்ளிக்கிழமை பேசுகிறேன். பிள்ளையை அடிக்கக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டு அப்புறம்தான் குரங்கு விஷயத்தைச் சொல்வேன். குட்டி பிழைத்துவிட்டது, மறுவாழ்வு மையத்தில் இருக்கிறது.