சூலியா கம்பம் வரைபடம்: என் 180 வெள்ளி போச்சா?

தேக்காப் பேரன்:
என் பெரியப்பா ஞாயிறு தவறாமல் வீட்டுக்கு வருவார். தோசை முடிந்ததும் ஒரே பேச்சு: "நம்ம பாட்டனுக்குப் பாட்டன் நாகப்பட்டினத்துல கப்பலேறி வந்து சூலியா கம்பத்துல குடியிருந்தவரு." சூலியா என்றால் அந்தக் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள், பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்கள்; கம்பம் என்றால் குடியிருப்பு. ஆதாரம் கேட்டால் முறைப்பார்.

போன மாதம் ஒரு பழைய புத்தகக் கடையில் லெப்டினன்ட் ஜாக்சன் வரைந்த சிங்கப்பூர் நகர வரைபடம் கண்ணில் பட்டது. ஆற்றின் தென்கரையில், மேல்பக்கமாக, 'சூலியா கம்பொங்' என்று பளிச்சென்று போட்டிருக்கிறது. "அசல், 1828" என்றார் கடைக்காரர். பேரம் பேசி 180 வெள்ளிக்கு வாங்கிவிட்டேன். பெரியப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, கண்ணாடிச் சட்டம் போடச் சொல்லிவிட்டார். எனக்குத்தான் உள்ளே உறுத்தல். இது அசலா? அசலோ நகலோ, அவர் சொல்வதற்கு இது சான்றாகுமா?

பழைய தாள்:
தம்பி, முப்பது வருஷம் அச்சகத்தில் கை கறுத்தவன் சொல்கிறேன். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். செப்புத் தகட்டிலோ கல்லிலோ அடித்த கோடு முழுக் கோடாக இருக்கும். குட்டிக் குட்டிப் புள்ளியாக உடைந்தால் ஆஃப்செட் நகல். இன்னொன்று, 1828இல் அந்தப் படம் வந்ததே ஆங்கிலேய அதிகாரி கிராஃபர்ட் எழுதிய சயாம் (தாய்லாந்து), கொச்சின் சீனா (வியட்நாம்) தூதுப் பயண நூலோடுதான். புத்தகத்துக்குள் மடித்து வைத்த தாளில் மடிப்புத் தடம் இருக்கணுமே?

தேக்காப் பேரன்:
பார்த்தேன் ஐயா. புள்ளி வைத்த கோலம் மாதிரி இருக்கிறது. மடிப்பும் இல்லை. விலை என் மனைவிக்குத் தெரியாது, யாரும் சொல்லிவிடாதீர்கள்.

ஆற்றங்கரை அக்கா:
காசு போனது போகட்டும் தம்பி. அசலே கிடைத்திருந்தாலும் பெரியப்பாவுக்கு அது உதவியிருக்காது. 1822 கடைசியில், சிங்கப்பூரை ஆங்கிலேயர் துறைமுகமாக்கிய ராஃபிள்ஸ் குழு போட்டுச் சொன்ன யோசனையைத்தான் ஜாக்சன் வரைந்தார். ஊர் அப்படி இருந்தது என்றில்லை, அப்படி இருக்கணும் என்று அவர்கள் ஆசைப்பட்டார்கள். சீனருக்கு இங்கே, சூலியாவுக்கு அங்கே, அரபிக்கும், சுலாவெசித் தீவிலிருந்து வந்த புகிஸ் வணிகருக்கும் அந்தப் பக்கம். தெருவெல்லாம் கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம்!

நம்ம ஆட்கள் கட்டத்துக்குள் அடங்கினார்களா என்று சவுத் பிரிட்ஜ் சாலையில் நின்று பாருங்கள். சூலியாக்கள் 1826இல் தொடங்கிய ஜாமிஆ பள்ளிவாசல், பக்கத்திலேயே 1827இல் அத்தாப்பு ஓலைக் கூரையோடு எழுந்த மாரியம்மன் கோயில். படத்தில் அந்தப் பக்கமெல்லாம் சீனர் கம்பம். கோயிலைக் கட்டிய நாராயண பிள்ளைக்கு முதலில் காட்டிய இடம் தெலுக் ஆயர். நல்ல தண்ணீர் இல்லை என்று அது சரிப்படவில்லை. பிறகுதான், 1823இல், இந்த இடம் கிடைத்தது. கோயில் எங்கேயோ, ஜனம் அங்கே. தெலுக் ஆயரில் நாகூர் தர்காவும் அப்படித்தான், அன்றைக்கு அதன் முன்னால் கடல்.

கட்டடக் கலைஞர் கோல்மன் ஊரை அளந்து போட்ட 1836 படத்தைப் பாருங்கள். இணையத்திலேயே காசில்லாமல் கிடைக்கும். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் 11ஆம் மாடியிலும் சிங்கப்பூர்ப் பழம் புத்தகங்களைப் புரட்டலாம். ஆனால் முதல் வேலையாக, அந்தப் பாட்டனுக்கு என்ன தொழில் என்று பெரியப்பாவிடம் கேளுங்கள்.

மின்னல் ரயில்:
தேடும்போது 'கிளிங்' என்றும் போட்டுத் தேடுங்க அண்ணே. கேட்கவே கசக்கிற சொல்தான், ஆனா வெள்ளைக்காரன் புத்தகத்துல நம்மள அப்படித்தான் எழுதி வச்சிருக்கான். இப்ப இருக்கிற சூலியா ஸ்திரீட்டே முன்னாடி கிளிங் ஸ்திரீட்தான், 1920கள்லதான் பேரை மாத்தினாங்க.

தேக்காப் பேரன்:
நேற்று கேட்டேன் அக்கா. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு, "மாடு கட்டித் தண்ணி வண்டி ஓட்டினாருன்னு எங்க அப்பா சொல்லுவாரு" என்றார். இத்தனை வருஷத்தில் இதை ஒரு தடவை கூடச் சொன்னதில்லை! சைனாடவுன் பக்கம் இருக்கிற கிரேத்தா ஆயர் என்றாலே மலாயில் தண்ணீர் வண்டிதானே? அந்த மாரியம்மன் கோயிலிலிருந்து நடக்கிற தூரம். அங்கேதான் இருந்தார் என்று நானும் இப்போது சாதிக்கப் போவதில்லை. ஆனால் பெரியப்பா இன்று காலையிலேயே போன் போட்டு, "சூலியா கம்பம்னு யாருடா சொன்னது?" என்று கேட்கிறார்.

சட்டம் நேற்றே வந்துவிட்டது. அது 45 வெள்ளி.