லித்தியம் ஜெல் மூஞ்சில போட்டவங்க இருந்தா சொல்லுங்க, என் அனுபவம் இது

வணக்கங்க, சேலம் செவ்வாப்பேட்டைல வெள்ளிக் கொலுசு பட்டறைல வேலை, நாள் முழுக்க சூட்டுல உக்காந்திருப்பேன். மூக்கு ஓரம், புருவம், காதுக்குப் பின்னாடி எல்லாம் செவந்து மஞ்சளா செதில் உதிரும், தேமல்னு நெனச்சு நாலு வருஷம் குப்பைமேனி அரைச்சுப் பூசி புண்ணானதுதான் மிச்சம். தோல் டாக்டர் பாத்துட்டு செபோரிக் டெர்மடைடிஸ், பொடுகு வகைதான்னு கீட்டோகோனசோல்ங்கற பூஞ்சைக் கொல்லி க்ரீம் எழுதினாரு, போட்டா போகும், நிறுத்துனா வந்துரும்.

அப்பதான் பிரான்ஸ்ல இருக்கற எங்க பாண்டிச்சேரி சித்தப்பா ஊருக்கு வந்தாரு, அவருக்கும் இதே தொல்லை, அங்க எழுதிக் குடுத்த ஜெல்லக் காட்டினாரு, லித்தியம் குளுக்கோனேட் 8 சதவீதம். பேட்டரில இருக்கறதாச்சேன்னு பயந்து, போடாம டியூபோட டாக்டர்கிட்ட போனேன். அவரு பொறுமையா சொன்னாருங்க, மலாசீசியான்னு ஒரு ஈஸ்ட், பூஞ்சை வகைதான், எல்லார் தோல்லயும் இருக்குமாம், தோல் எண்ணெய்ல இருக்கற கொழுப்பத் தின்னுதான் அது வளருமாம், லித்தியம் உப்பு அந்தத் தீனியக் குறைச்சு வீக்கத்தையும் அமத்துமாம். லித்தியம் சக்சினேட்டுன்னு இன்னொரு உப்பும் ஜிங்க் சல்பேட் கலந்து களிம்பா வந்திருக்காம். சொரியாசிஸ், அதான் தோல் தடிச்சு வெள்ளையா செதில் உதிர்ற நோய், இருக்கான்னு கேட்டு, இல்லைன்னதும்தான் சரின்னாரு. காலைல ராத்திரி ரெண்டு வேளை, கண்ணுகிட்ட படாம. மொத வாரம் எரிஞ்சுது, அப்புறம் செதில் நின்னுச்சு, எனக்கு இது நல்லாவே கேட்டுச்சு.

—

அண்ணா, சொரியாசிஸ் கேட்டாங்கன்னு எழுதினீங்களே, அத எல்லாரும் கவனிக்கணும். நாங்க ஏற்காடு. எங்கம்மா பைபோலாருங்கற மனநிலை ஏறி இறங்கற நோய்க்கு லித்தியம் கார்பனேட் மாத்திரை சாப்பிடறாங்க, ரத்தத்துல அளவு பாக்க 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வருவோம். அடங்கிக் கெடந்த சொரியாசிஸ் மாத்திரை ஆரம்பிச்சப்புறம் முழங்கை முழங்கால்ல தடிச்சிருச்சு, பனி காலத்துல ரத்தமே கசியும். மாத்திரையால அப்படி வரும்னு மனநல டாக்டரே சொன்னாரு. ஆனா தானா நிறுத்தக் கூடாதுங்க, அம்மா ஒருதடவ நிறுத்தி நாங்க பட்ட பாடு போதும்.

—

தங்கச்சி, இது எனக்குத் தெரியாது. ஒரே லித்தியம், பூசினா எனக்கு ஆறுது, முழுங்கினா அம்மாவுக்குக் கிளம்புது. என் டியூப்ல மிச்சம் இருக்கு, பக்கத்து வீட்டு அக்கா கேட்டாங்க, அவங்களுக்கு முழங்கைல வெள்ளையா செதில் இருக்கும். குடுக்கல, மொதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.