ஹவாய் நாடகத்தில் வஞ்சகத்தை எப்போது உடைப்பது?

கேள்வி: மதுரையில் கல்லூரி மேடைக்காக 1893-இல் ஆட்சி கவிழ்க்கப்பட்ட ஹவாய் ராணி லிலியுவோகலானி பற்றி 40 நிமிட நாடகம். கவிழ்ப்புச் சதியில் சேரும் கரும்புத் தோட்ட முதலாளியின் உள்நோக்கம் கடைசிக் காட்சியில்தான் தெரியவரும். ஒத்திகை பார்த்தவங்களுக்குப் பிடிபடவே இல்லை. எங்கே கோளாறு?

பதில் 1: கடைசி வரை ஒளிச்சு வச்சதுதான் கோளாறு. 1890-இல் அமெரிக்கா பிற நாட்டுக் கச்சாச் சர்க்கரைக்கும் வரியை எடுத்ததும் ஹவாய்க்கு மட்டும் இருந்த வரியில்லாச் சலுகை மதிப்பிழந்தது. உள்நாட்டுச் சர்க்கரைக்கு மட்டும் ராத்தலுக்கு 2 சென்ட் மானியம். தீவு அமெரிக்காவோடு சேர்ந்தால் அந்த மானியம் தோட்டக்காரருக்கும் வரும். 2-ஆம் காட்சியிலேயே முதலாளி பேரேட்டில் விரல் வைத்து இதைக் கூட்டிப் பார்க்கட்டும். பிறகு 1893 ஜனவரி 16-இல் "உயிர், உடைமையைக் காக்க" என்று அமெரிக்கக் கப்பல் படை இறங்கும்போது பொய் தானே உறைக்கும்.

பதில் 2: நம்ம ஊர் வள்ளி திருமணம் மாதிரிதாங்க. கிழவர் முருகன்னு சபைக்குத் தெரியும், வள்ளிக்குத் தெரியாது. சுவையே அங்கதான். ஆனா பபூன் பாணியில் சபையைப் பார்த்துப் பேச வைக்காதீங்க, ராணியின் துயரம் சிரிப்பாயிடும்.

பதில் 3: ராணிக்குப் புல் பாவாடை வேண்டவே வேண்டாம்; அவர் உடுத்தியது ஐரோப்பியப் பாணி நீள கவுன். இன்னொன்று, ஜனவரி 17-இல் அவர் எதிர்ப்பைப் பதிவு செய்து அதிகாரத்தை விட்டது அமெரிக்க அரசிடம், சதிகாரர்களின் இடைக்கால அரசிடம் அல்ல. உண்மை தெரிந்தால் அமெரிக்கா தன்னை மீண்டும் பதவியில் அமர்த்தும் என்பது அவர் கணக்கு. வசனத்தில் இது மாறினால் அவருடைய சாமர்த்தியமே காணாமல் போகும்.