கைக்கு வந்து போன பழைய அமெரிக்கத் தங்கக் காசு: உங்கள் அனுபவம் என்ன?

பழங்காசு:
பால்டிமோர் கண்காட்சி. 1795 ஐந்து டாலர், பின்பக்கத்தில் சின்னக் கழுகு இருக்கிற வகை. எனக்கு முன்னால் நின்றவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு "முகமெல்லாம் கீறல்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்புறம் என் முறை. லூப்பில் (சின்ன உருப்பெருக்கி) பார்த்தால், முன்பக்கத்துப் பெண்முகமான லிபர்ட்டியின் காதோரக் கூந்தலில் இணை இணையாகக் கோடுகள். கரைகளில் பிசிறே இல்லை, மழுங்கி அடங்கியிருக்கின்றன. வெற்றுப் பரப்புக்கு வந்ததும் கோடு மறைந்துபோகிறது, விளிம்புப் பற்களில் மறுபடி தலைகாட்டுகிறது. கீறலே இல்லை அது! எடை கூடின தகட்டை 8.75 கிராமுக்குக் கொண்டுவர ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலையில் அரத்தால் ராவிவிட்டுத்தான் அச்சடித்தார்கள். அச்சின் ஆழமான இடங்களைத் தங்கம் முழுக்க நிரப்பாவிட்டால் அங்கே அரத்தின் தடம் தங்கிவிடும். அத்தனை அழகான காசை அவர் அப்படிச் சொன்னது இன்னும் மனதை அறுக்கிறது.

செம்மண்:
என் கதை பத்து டாலர், அதுவும் 1795. பென்சில்வேனியாவில் ஒரு நகைக்கடை. வயதான அம்மா ஒருவர் சங்கிலியில் கோத்திருந்ததை எடைக்குப் போட வந்திருந்தார். கடைக்காரர் தராசில் வைத்து 22 காரட் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்! கேட்டு வாங்கித் திருப்பினேன். கழுகு நிற்கிற ஓலையில் 13 இலை என்றால் வழக்கமானது, 9 என்றால் மிக அரிது, தெரியும்தானே? எண்ணினேன். ஏழு, எட்டு, ஒன்பது. அதற்கு மேல் பற்றாசு. வளையத்தை லிபர்ட்டியின் தொப்பிக்கு மேலே பற்றவைத்திருந்தார்கள். அமெரிக்கக் காசில் முன்பக்கத்துத் தலைமாடு பின்பக்கத்துக்குக் கால்மாடு அல்லவா, உருகி வழிந்தது நேரே ஓலையின் மேல். ஒன்பதோடு முடிகிறதா, மீதி நாலு அடியில் கிடக்கிறதா? "உருக்க மட்டும் கொடுக்காதீர்கள் அம்மா" என்றேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அச்சுமுகம்:
பழங்காசு சார், அவர் திருப்பிக் கொடுத்ததில் தப்பில்லை. அரத் தடம் நாணயச்சாலையில் விழுந்தது என்பது சரி. ஆனால் முகத்தின் நடுவில் ஆழமாக இருந்தால், நாளைக்கு விற்கும்போது வாங்குகிறவர் தயங்கத்தான் செய்வார்.

என் அனுபவம் சின்னது. 1806 ஐந்து டாலர், ஏலப் படம். தேதியில் 6-இன் தலை கூர்மை என்று போட்டிருந்தார்கள், படத்தில் தேதி மங்கல். நட்சத்திரங்களை எண்ணினேன்: இடது 7, வலது 6. கூர்த்தலை 6 என்றால் 8, 5 என்று வரவேண்டும். ஆக இது உருண்டைத் தலை. எழுதிக் கேட்டேன், பதிலே இல்லை.

புதிதாக வருகிறவர்கள் கேளுங்கள். அன்று நட்சத்திரம், எழுத்து, எண் ஒவ்வொன்றையும் அச்சில் கையால்தான் அடித்து இறக்கினார்கள். ஓர் அச்சைப் போல இன்னொன்று இருக்காது. தேதியை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். கடைசி நட்சத்திரம் எழுத்தைத் தொடுகிறதா, எண்கள் எவ்வளவு நெருக்கம் என்று பார்த்து, பாஸ்-டான்ரெய்தர் எண்ணோடு (பழைய அமெரிக்கத் தங்கக் காசுகளின் அச்சு வகைகளுக்கு நூலில் கொடுத்திருக்கும் எண்) ஒப்பிடுங்கள். அச்சு விரிசல் காசில் மேடாக எழும்பும், கீறல் பள்ளமாக இருக்கும். 1802 ஐந்து டாலரில் 2-க்கு அடியில் 1 தெரிகிறது என்று கூடுதல் விலை கேட்டால் நகர்ந்துவிடுங்கள், அந்த வருஷத்தது எல்லாமே அப்படித்தான். வளையம் இருந்த தடத்தை விளிம்பில் தேடுங்கள். தயவுசெய்து தேய்த்துக் கழுவாதீர்கள்.

வடக்குவீதி:
நாளைக்கு விற்கிற பேச்சையே எடுக்கிறீர்களே அச்சுமுகம். செம்மண் அந்த அம்மாவிடம் சொன்னதுதான் முக்கியம். நண்பரின் மகளிடம் 1800 ஐந்து டாலரைக் காட்டினேன். இரண்டு பக்கமும் புரட்டிவிட்டு, "ஐந்து டாலர் என்று எங்கே எழுதியிருக்கிறது மாமா?" என்றாள். எங்கேயும் இல்லை! 1807-இல் நாணயச்சாலைச் செதுக்குநர் ஜான் ரைக்கின் வடிவம் வரும்வரை ஐந்து டாலரில் மதிப்பே பொறிக்கவில்லை. எடைதான் மதிப்பு. அதுவே வினையாகவும் போயிற்று. காசில் இருந்த தங்கத்தின் விலை ஐந்து டாலரைத் தாண்டியதும் காசுகள் கப்பலேறி உலைக்குப் போயின. 1834-இல் சட்டம் போட்டு எடையைக் குறைத்த பிறகுதான் நின்றது. 1822 ஐந்து டாலருக்கு நாணயச்சாலைக் கணக்கு 17,796 காசுகள். இன்று தெரிந்தவை மூன்றே. இரண்டு வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில், மூன்றாவது 2021-இல் 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

செம்மண்:
நன்றி வடக்குவீதி. யாரிடமாவது 13 இலையின் தெளிவான படம் இருந்தால் போடுங்கள். ஒன்பதாவது இலையின் நுனி எந்த எழுத்துக்கு நேரே வருகிறது என்று பார்க்க வேண்டும்.