தனியாக மோட்டார் சைக்கிளில் லடாக்: மணாலி வழியாக நுழைவதா, ஸ்ரீநகர் வழியாக நுழைவதா?

கேள்வி:
வரும் செப்டம்பரில் துணைக்கு யாருமின்றி, கார்புரேட்டர் உள்ள என் பழைய 350 சிசி வண்டியில் லே வரை சென்றுவர எண்ணியிருக்கிறேன். மணாலியில் தொடங்கி சர்ச்சுவில் ஓர் இரவு தங்கி மறுநாள் லே சேர்வதும், திரும்பும்போது கார்கில், ஸ்ரீநகர் வழியாக இறங்குவதும் என் திட்டம். மலைப்பாதைகளில் ஓட்டிய பழக்கம் உண்டு என்றாலும் 4,000 மீட்டருக்கு மேல் நான் சென்றதில்லை. தனியாகச் செல்வதால் இத்திட்டத்தில் எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில் 1:
நண்பரே, பாதை இரண்டும் சரியானவைதான். திசையை மட்டும் அருள்கூர்ந்து திருப்பிவிடுங்கள். மணாலி ஏறத்தாழ 2,050 மீட்டரிலும் சர்ச்சு ஏறத்தாழ 4,290 மீட்டரிலும் இருப்பதால், உங்கள் திட்டப்படி முதல் இரவிலேயே 2,200 மீட்டருக்கு மேல் ஏறிப் படுப்பீர்கள். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு உறங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் பொதுவாகப் பின்பற்றப்படும் விதி. 2020இல் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டு ரோத்தாங் கணவாயில் ஏற வேண்டிய தேவை நீங்கியதிலிருந்து மேலே விரைந்து சென்றுவிட முடிகிறது. உடல் பழகுவதற்கு வேண்டிய நாட்கள் மட்டும் குறையவில்லை.

ஸ்ரீநகர் 1,600, கார்கில் 2,700, லே 3,500 மீட்டர் என அந்தப் பக்கத்தில் ஏற்றம் படிப்படியாக அமைந்திருக்கிறது. வழியில் உயரமான ஃபோட்டு லா கணவாயே 4,108 மீட்டர்தான், அதையும் பகலில் கடந்து இறங்கிவிடுவீர்கள். லேயில் சில நாட்கள் தங்கி உடல் பழகிய பின் மணாலி செல்லும் வழியில் 5,328 மீட்டர் உயரமுள்ள தங்லங் லா கணவாயில் ஏறினால், அதே சர்ச்சுவில் தங்கும் இரவு பெரும்பாலும் தொல்லையின்றிக் கழியும். மணாலி வழியாகவே நுழைய வேண்டுமென்றால் சர்ச்சுவுக்கு முன்பே வரும் ஜிஸ்பாவிலோ கேலாங்கிலோ இரண்டு இரவுகளாவது தங்குங்கள். ஆனால் அதற்கு அப்பால், லேக்கு அருகிலுள்ள உப்ஷி என்னும் ஊரின் பக்கம் இறங்கும் வரை தாழ்வான தங்குமிடமே கிடையாது என்பதால், முதன்முறை தனியாகச் செல்பவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பதில் 2:
வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். 5,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான். கார்புரேட்டர் அதை அறியாமல் அதே அளவு பெட்ரோலை அனுப்புவதால் பிளக் கரிபிடித்து வண்டி திணறும். மாற்று பிளக்குகளை எடுத்துச் செல்லுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் செல்லும் துளையான மெயின் ஜெட்டில் சிறியது ஒன்றைப் பொருத்தத் தெரிந்திருப்பது இன்னும் நல்லது. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டும்படி சிலர் சொல்வார்கள், அதைக் கேட்காதீர்கள். வழியில் வரும் மோரே சமவெளியின் புழுதி நேரே சிலிண்டருக்குள் போய்விடும்.

சமவெளியில் நிரப்பிய டயர், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், அந்த உயரத்தில் ஆறேழு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டக்கூடும். குளிர் அதில் ஒரு பகுதியைக் குறைத்தாலும், கேஜ் வைத்துப் பார்த்து இறக்கிக்கொண்டால் ஜல்லிப் பாதையில் பிடிமானம் கிடைக்கும். கீழே வந்ததும் மறக்காமல் மீண்டும் நிரப்பிவிடுங்கள். பெட்ரோலை லேயிலோ அதிலிருந்து 35 கிலோமீட்டரில் உள்ள காருவிலோ முழுமையாக நிரப்பிக்கொள்ளுங்கள். மணாலிப் பக்கத்து மறுமுனையில் தாண்டி என்னும் ஊரில் இருக்கும் பங்க்கில், அடுத்த நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்ற பலகை பல ஆண்டுகளாக நின்றது. ஏற்றத்தில் மைலேஜும் குறையும் என்பதால் உலோகக் கேனில் ஐந்து லிட்டராவது கூடுதலாக வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
திசையை மாற்றிக்கொள்கிறேன், இருவருக்கும் நன்றி. இன்னும் ஒன்று கேட்க வேண்டும். உடல்நிலை மோசமாவதை உடன் வருபவர்கள் கவனித்துச் சொல்வார்கள் என்று படித்தேன். தனியாக இருப்பவர் அதை எப்படி அறிந்துகொள்வது?

பதில் 1:
நீங்கள் கேட்டவற்றுள் மிக முக்கியமான கேள்வி இதுதான். காற்று மெலிந்த உயரத்தில் மூளை பாதிக்கப்படும்போது, நிலைமையைச் சரியாக எடைபோடும் திறனே முதலில் மங்கிவிடுகிறது. அதனால் அந்த நேரத்தில் யோசித்து முடிவெடுக்கலாம் என்று விட்டுவிடாமல், விதியைக் கீழேயே எழுதி டேங்க் பையில் வையுங்கள். காலையிலும் மாலையிலும் ஒரு காலின் குதிகாலை மற்றொரு காலின் விரல்நுனியில் ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் பத்துப் பதினைந்து அடி நடந்து பாருங்கள். தடுமாறினால், அல்லது ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வேறு வாகனத்தில் கீழே இறங்கிவிட வேண்டும். தலைவலியும் குமட்டலும் மட்டும் இருந்தால் மேலே ஏறாமல் அங்கேயே தங்குங்கள், கூடினால் இறங்குங்கள். அசெட்டசோலமைடு மாத்திரை உடல் பழகுவதை விரைவுபடுத்தும் என்றாலும், சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சிக்கல் தரலாம் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ள வேண்டாம்.

பதில் 3:
மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஓடைகளை அதிகாலையில் கடக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். பனி உருகிப் பிற்பகலில் நீர் பெருகும் ஜூலை, ஆகஸ்டுக்கு அது மிகவும் பொருந்தும். செப்டம்பரில் நீர் குறைந்துவிடும், ஆனால் சாலையில் வழிந்த நீர் இரவில் உறைந்து, விடியலில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலமாகக் கிடக்கும். தனியாகச் செல்பவர் விழுந்தால் வண்டியைத் தூக்கவும் ஆள் இராது; ஆகவே சாலையில் வெயில் பட்ட பிறகே புறப்படுங்கள். ஓடையின் ஆழம் தெரியாவிட்டால் லாரி ஒன்று வரும்வரை காத்திருந்து, அது கடக்கும் தடத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதிலும் உப்ஷிக்கும் ஜிஸ்பாவை அடுத்துள்ள தர்ச்சாவுக்கும் இடையே பெரும்பகுதியில் சிக்னல் இராது. அதற்காகச் செயற்கைக்கோள் தொலைபேசி எதையும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள், முன்அனுமதியின்றி வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். லேயிலிருந்து கிளம்பும்போது, எந்த நாள் எத்தனை மணிக்குள் கேலாங்கிலிருந்து அழைப்பீர்கள் என்பதையும், அழைப்பு வராவிட்டால் யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பதையும் வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.