புதுப்பிப்பு: பாதியில் மூடிவைத்த நாவலை முடித்துவிட்டேன்

அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசனின் 'சாங் ஆஃப் சாலமன்' (1977) நாவல் நகரவே மறுக்கிறது, நூறு பக்கத்தோடு மூடிவிட்டேன் என்று சென்ற மாதம் இதே இழையில் எழுதியிருந்தேன். அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பங்குனி உத்திரத்தன்று பாளையங்கோட்டையிலிருந்து எங்கள் சாஸ்தா கோயிலுக்கு வேனில் போகையில், எந்தப் பாட்டனார் எதற்காக எந்த ஊரை விட்டு வந்தார் என்று அத்தை வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். நாவலின் நடையும் அதுதான் என்று அப்போது உறைத்தது. அதிலும் குடும்பத்தின் பழங்கதையைச் சுமப்பவள் பைலட் என்ற பெயருடைய நாயகனின் அத்தைதான். அடிமைத்தளை நீங்கியவர்களைப் பதிவு செய்யும்போது, குடிபோதையிலிருந்த சிப்பாய் ஒருவன் தகவலைத் தவறான இடத்தில் எழுதிவிட, 'டெட்' (இறந்தவர்) என்பதே அக்குடும்பத்தின் பெயராக நிலைத்துவிடுகிறது. மறைந்துபோன வம்ச வரலாறோ, வர்ஜீனியாவில் சிறுபிள்ளைகள் பாடி விளையாடும் பாட்டுக்குள், பறந்து ஆப்பிரிக்காவுக்கே திரும்பிய மூதாதை சாலமனின் கதையாகக் கிடக்கிறது.

நம் முத்துப்பட்டன் வில்லுப்பாட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பிராமணனான பட்டன் மணந்த பொம்மக்காவும் திம்மக்காவும் அருந்ததியர் வீட்டுப் பெண்கள் என்பதை ஏற்க மனமின்றி, அவர்கள் பிறப்பால் பிராமணர்களே என்று மாற்றிப் பாடிய பாடங்களும் உண்டல்லவா? பாட்டு காப்பாற்றவும் செய்யும், மறைக்கவும் செய்யும். மாரிசன் இன்னும் கறாரானவர்: பறந்தவனைப் போற்றுவதோடு நில்லாமல், அவன் விட்டுப்போன மனைவியையும் இருபத்தொரு பிள்ளைகளையும் நம் முன் நிறுத்துகிறார்.

பழிக்குப் பழி வாங்கும் இரகசியக் குழுவைப் பற்றிய பகுதி மட்டும் இன்னமும் எனக்கு ஒட்டவில்லை. புத்தகம் இப்போது அத்தை மகளிடம் இருக்கிறது.