கீழத்தெரு சொந்தங்கள்

[இரவு 9:12] கவிதா: பேச்சி அத்தை இருக்கீங்களா? செல்விக்கு சாயங்காலத்துல இருந்து வயிறு கல்லு மாதிரி இறுகி இறுகி விடுது. நேத்தோட 38 வாரம் முடிஞ்சுது. கிளம்பணுமா?

[9:13] முருகேசன் மாமா: முருகா

[9:13] சுப்பு சித்தி: சூட்டு வலியா இருக்கும். சீரகக் கஷாயம் வச்சுக் குடு

[9:17] பேச்சி அத்தை: கஷாயம் குடிக்கட்டும். ஆனா அத வச்சு முடிவு பண்ணாதீங்க, கடிகாரத்தப் பாருங்க. ஒரு இறுக்கம் தொடங்கி அடுத்தது தொடங்க எத்தனை நிமிசம், ஒவ்வொண்ணும் எத்தனை செகண்டு நிக்குதுன்னு எழுதுங்க. ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சு, ஒண்ணுக்குப் போயிட்டு, கொஞ்சம் நடக்கச் சொல்லு. பொய் வலின்னா தணிஞ்சிரும், இல்ல தாறுமாறா வரும். நிஜ வலி நடந்தாலும் விடாது. நிறைய பேருக்கு இடுப்புல தொடங்கி அடிவயித்துக்கு வரும். இடைவெளி குறையும், வலி கூடும்.

[9:31] ரமேஷ்: நான் கிளாம்பாக்கம் போயி பஸ் ஏறவா?

[9:31] முருகேசன் மாமா: வளைகாப்புக்கு கிடைக்காத லீவு இப்ப கிடைச்சிருச்சா மாப்ள

[9:32] சுப்பு சித்தி: வளைகாப்புக்கு எங்களயே போன்லதான கூப்பிட்டாங்க

[9:33] கவிதா: சித்தி இப்ப வேண்டாமே

[9:58] கவிதா: 12, 9, 15 நிமிசம். 30 செகண்டு நிக்குது. காலைல லேசா ரோஸ் கலர்ல சளி மாதிரி பட்டுச்சாம்

[10:04] பேச்சி அத்தை: அது கர்ப்பப்பை வாயை அடைச்சிருந்த சளி. இன்னைக்கே வலி வரலாம், நாலஞ்சு நாளும் ஆகலாம். தலப்பிள்ளை, ஆஸ்பத்திரியும் 20 நிமிசம்தான். அதனால 5 நிமிசத்துக்கு ஒண்ணு, 1 நிமிசம் நிக்குது, 1 மணி நேரமா அப்படியேன்னா கிளம்புங்க.
பனிக்குடம் உடைஞ்சா வலி இல்லாட்டியும் போகணும். குபுக்குனுதான் வரும்னு இல்ல, சொட்டுச் சொட்டாவும் கசியும். ஒண்ணுக்குன்னா அடக்கலாம், இது அடங்காது. பேடு வச்சு நிறம் பாருங்க, மணியக் குறிங்க. பச்சையோ பழுப்போன்னா பிள்ளை உள்ளயே மலம் போயிருக்கு, உடனே 108. தீட்டு மாதிரி ரத்தம் வந்தாலும், தலைவலியோட கண்ணு மங்கினாலும், அசைவு குறைஞ்சாலும் அதேதான். அசைவு எப்படி?

[10:06] கவிதா: நல்லா உதைக்கான்

[10:06] சுப்பு சித்தி: உதைக்கானா? வயிறு உருண்டையா இருக்கு, பொண்ணுதான்

[10:08] சுப்பு சித்தி: விளக்கெண்ணெய் ஒரு கரண்டி குடுத்தா சட்டுனு வந்துரும்னு ஆச்சி சொல்லுது

[10:09] பேச்சி அத்தை: கூடவே கூடாது. பேதியாகி உடம்புல தண்ணி வத்திரும், அப்புறம் முக்குறதுக்கு தெம்பு இருக்காது. இட்லி குடுத்து தூங்க விடுங்க. பைல கர்ப்பிணி கார்டு, ஸ்கேன், ஆதார் இருக்கா? கர்ப்பத்தப் பதிஞ்சப்ப குடுத்த பிக்மி நம்பர் எழுதி வைங்க, பிறப்புச் சான்றிதழுக்கு அதுதான் கேட்பாங்க

[10:10] கவிதா: எல்லாம் இருக்கு. கார்?

[10:15] முருகேசன் மாமா: வாசல்லதான் நிக்கி. பேட்டரிதான் டவுன்

[10:16] சுப்பு சித்தி: நல்லா இருக்கு

[10:41] கவிதா: இப்ப 10 நிமிசம், 40 செகண்டு. கண்ணசந்துட்டா

[10:42] ரமேஷ்: நான் ஏறவா வேண்டாமா?

[10:44] முருகேசன் மாமா: ஜம்பர் கேபிள் யார்ட்டயாச்சும் இருக்கா